பாட்டும் ஒரு காப்பு

இசைக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டா? இவ்வினா இன்று பல இடங்களில் எழுகின்றது. இன்ன இராகத்தைப் பாடினால் குருதிக் கொதிப்புத் தணியும், இன்ன இராகத்தைக் கேட்டால் நீரிழிவு குறையும் என்று பட்டியல் எழுதி நண்பர்க்கு அனுப்புவோர் பலர். அதனை நம்பி மருந்தைக் குறைத்துக் கொள்வாரும் உளர். அதனை எள்ளி, இசையைப் பற்றி முன்னோர் கூறியன யாவும் வெறுங்கதை என்று தள்ளுவாரும் உளர். இவ்விரு திறத்தாரும் ஒன்றைச் செய்ய மறந்து விடுகின்றனர். நோயுற்றார் பக்கத்தில் அமர்ந்து தமிழர் உண்மையில் யாது பாடினர், யார் பாடினர், எதற்காகப் பாடினர் என்று பழைய நூல்களைத் திறந்து பார்ப்பதே அது. அந்நூல்கள் கூறும் விடை, பட்டியல் எழுதுவோர் கூறுவதினும் அடக்கமானது. எள்ளுவோர் நினைப்பதினும் ஆழமானது. பிறந்த ஊரையும் உறவினரையும் விட்டு வந்து பிறமொழி வழங்கும் நகரில் வாழும் நமக்கு அவ்விடை மிகவும் வேண்டுவது.

மலையில் கேட்ட பாட்டு

பத்துப்பாட்டின் இறுதியில் நிற்பது மலைபடுகடாம். செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிப் பெருங்கௌசிகனார் இயற்றிய இப்பாட்டு 583 அடிகளை உடையது. நன்னனை நாடிச் செல்லும் கூத்தர் வழியில் கேட்கும் ஒலிகளையெல்லாம் புலவர் அதில் வரிசைப்படுத்துகின்றார். அருவியின் முழக்கம் கேட்கின்றது. யானையின் பிளிறல் கேட்கின்றது. தேன் எடுக்கும் கானவரின் ஆரவாரமும், தினை குற்றும் மகளிரின் உலக்கைப் பாட்டும் கேட்கின்றன. அவற்றின் நடுவே வேறொரு பாட்டும் வருகின்றது. புலி பாய்ந்து மார்பில் நீண்ட புண்பட்டுக் கிடக்கின்றான் ஒரு குறவன். அப்புண் ஆறுதற்பொருட்டுக் காப்பாக அவன் மனைவி பாடுகின்றாள். ஒருத்தி மட்டும் அல்லள். குறிஞ்சி நிலத்துக் கொடிச்சியர் பலர்க்கும் இது வழக்கம் என்பது புலவர் கூறும் முறையால் விளங்குகின்றது.

இங்கே 'காப்பு' என்னும் சொல்லை நாம் உற்று நோக்குதல் வேண்டும். புலவர் அப்பாட்டை மருந்து என்று கூறவில்லை. மந்திரம் என்றும் கூறவில்லை. காப்பு என்றார். புண்ணை ஆற்றுவது ஒன்று. புண்பட்டவனைக் காப்பது மற்றொன்று. நெடிய இரவு முழுவதும் அவனைத் தனியே விடாது, அச்சமும் சோர்வும் அவனை அணுகாது தடுத்து நிற்கும் குரல் அது. இச்சொல் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழில் நோயையும் பாட்டையும் பிணைத்து வந்திருப்பதை மேலும் காண்போம்.

புண்பட்ட வீரன் வீடு

புறநானூற்றின் 281ஆம் பாட்டு அரிசில் கிழார் பாடியது. அரசனுக்கு நேர்ந்த இடரைத் தான் தாங்கிப் புண்பட்டு வந்த வீரன் ஒருவனின் இல்லத்தை அது காட்டுகின்றது. அவ்வீட்டுப் பெண் தன் தோழியை அழைத்து, அவனைக் காப்போம் வா என்கின்றாள். காக்கும் முறையையும் அவளே கூறுகின்றாள். வீட்டின்கண் இரவமரத்தின் தழையையும் வேப்பிலையையும் செருக வேண்டும். யாழும் பிற இசைக் கருவிகளும் ஒலிக்க வேண்டும். கையை மெல்ல மெல்லப் பெயர்த்து மையாகிய மருந்தைப் புண்ணில் இழுக வேண்டும். வெண்சிறுகடுகைத் தூவ வேண்டும். ஆம்பல் குழலை ஊத வேண்டும். மணியை ஒலிக்க வேண்டும். காஞ்சிப் பண்ணைப் பாட வேண்டும். வீடெங்கும் நறும்புகை எழுப்ப வேண்டும்.

இவ்வொழுங்கில் மருந்து இருக்கின்றது, தூய்மை இருக்கின்றது, புகை இருக்கின்றது, அவற்றோடு பாட்டும் இருக்கின்றது. பாட்டு மருந்தை விலக்கவில்லை. மருந்து பாட்டை விலக்கவில்லை. மருந்து பூசும் கை மெல்லப் பெயர்தல் வேண்டும் என்று கூறிய அதே வாய்தான் காஞ்சி பாடுதல் வேண்டும் என்றும் கூறுகின்றது. வலியறிந்து நடக்கும் கையும், அச்சம் அறிந்து எழும் குரலும் ஒரே அன்பின் இரு செயல்கள்.

இது ஒரு வீட்டின் செய்தி மட்டும் அன்று. 296ஆம் பாட்டில் வெள்ளைமாளர் ஒரு சிற்றூரையே காட்டுகின்றார். எல்லா வீடுகளிலும் வேப்பங்கிளை ஒடிக்கின்றனர், காஞ்சி பாடுகின்றனர், நெய் படிந்த கையினராய்க் கடுகைப் புகைக்கின்றனர். ஊர் முழுவதும் ஒரே ஆரவாரம். போருக்குப் பிந்திய நாளில் தமிழூர் ஒன்று எவ்வாறு இருந்தது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடங்கள் அரியன. உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டையும் 1894ஆம் ஆண்டில் புறநானூற்றையும் அச்சேற்றியிராவிடின், இவ்வீடுகளின் பாட்டொலி நம் செவிக்கு எட்டியிராது.

தொல்காப்பியரும் இவ்வழக்கத்தை அறிவார். புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாதவாறு மனைவி காத்து நிற்பதனைத் தொடாக் காஞ்சி என்று புறத்திணையியலில் அவர் வகுத்துள்ளார். அதற்கு அருகிலேயே மற்றொரு துறையும் உண்டு. காக்கும் சுற்றம் எவரும் இல்லாத புண்ணோனை இரவில் பேயே காத்து நிற்பது அது. காக்கும் சுற்றத்தை 'ஏமச் சுற்றம்' என்கின்றார் தொல்காப்பியர். அச்சுற்றம் இல்லாதவனுக்குப் பேயே துணை என்பதனை எண்ணும்போது நெஞ்சம் நடுங்குகின்றது. பேய் உண்டோ இல்லையோ, நோயுற்ற ஒருவன் நள்ளிரவில் தனித்துக் கிடப்பது எத்தகைய துன்பம் என்பதை இதனினும் அழுத்தமாகக் கூறுதல் அரிது.

வள்ளுவர் வகுத்த நான்காம் கூறு

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கின்றார். நோயுற்றவன் ஒரு கூறு. நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிலிருந்து பேணுபவன் ஒரு கூறு. இந்நான்காமவனையே 'உழைச்செல்வான்' என்று அவர் குறிக்கின்றார். நோயாளியிடத்து அன்பு, தூய்மை, சொல்லியவண்ணம் செய்தல், அறிவு என்னும் நான்கு இயல்புகளைப் பரிமேலழகர் அவனுக்கு உரைக்கின்றார். அவற்றுள் அன்பே முதலில் நிற்கின்றது.

பாட்டுக்கு மருத்துவத்தில் இடம் எது என்னும் வினாவுக்கு இக்குறளே வழிகாட்டுகின்றது. பாட்டு, மருத்துவனின் இடத்தைப் பற்றவில்லை. மருந்தின் இடத்தையும் பற்றவில்லை. அது உழைச்செல்வானுக்கு உரியது. கொடிச்சியும், புறநானூற்று மனைவியும் அவள் தோழியும் இக்கூற்றைச் சேர்ந்தவர்களே. ஆகவேதான் சங்க நூல்களில் நோயாளி பக்கத்தில் பாடுவோர் பெரும்பாலும் இசைப் புலவர் அல்லர், வீட்டார்.

பண் உள்ளத்தை இளக்கும் என்பதையும் பழந்தமிழர் நன்கு அறிந்திருந்தனர். ஆறலை கள்வரும் தம் படையை விடுத்து அருள்கொள்ளும்படி செய்யும் பாலை யாழைப் பொருநராற்றுப்படை கூறுகின்றது. கொடிச்சி குறிஞ்சி பாடக் கேட்டு, தினையை உண்ணாமலும் இடம் பெயராமலும் யானை உறங்கிவிட்ட காட்சியை அகநானூற்றின் 102ஆம் பாட்டில் காணலாம். சினத்தையும் வெறியையும் இசை தணிக்கும் என்பதே இவற்றால் பெறப்படுவது. பண்களை நிலத்துக்கும் பொழுதுக்கும் பகுத்தனர் நம் முன்னோர். புண்பட்டார் காவலுக்குக் காஞ்சி உண்டு. ஆயினும் பண்களை நோய்களுக்குப் பங்கிட்டு எழுதிய பட்டியலைச் சங்கப் பாடல்களில் காண முடியாது.

திருமுறை காட்டும் மூன்று நிலை

ஏழாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் கோயிலுக்குள் புகுந்து புதிய ஒளி பெற்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் நோயும் பாட்டும் கூடிவரும் இடங்கள் பல. மூன்றை மட்டும் இங்குக் காண்போம்.

முதலாவது, நோயுற்றவரே பாடியது. சூலை நோயால் துடித்த மருணீக்கியார், தாம் சார்ந்திருந்த சமணப் பள்ளியில் அது தீராமையால், தம் தமக்கையார் திலகவதியாரை நாடி இரவில் திருவதிகைக்கு வந்தார். தமக்கையார் அவரை வெறுக்கவில்லை, திருநீறு அளித்தார், விடியற்காலையில் வீரட்டானத்துக்கு அழைத்துச் சென்றார். அங்குத் தோன்றியதே நான்காம் திருமுறையின் முதற் பதிகம். கொல்லிப் பண்ணில் அமைந்த அப்பதிகத்தின் முதற் பாட்டில், வயிற்றினுள் குடரைப் பிணித்து முடக்கும் வலியை நோயாளியே எடுத்துரைக்கின்றார். பிறிதொரு பாட்டில், வழிபாட்டையும் தமிழோடு கூடிய இசையையும் தாம் ஒருநாளும் மறந்ததில்லை என்று முறையிடுகின்றார். உயிர்போகும் வலியிலும் தம் உரிமையாக அவர் எடுத்துக் காட்டியவற்றுள் தமிழிசையும் ஒன்று. நோயாளி தன் வலியைத் தன் மொழியில், தன் குரலில் சொல்ல வாய்ப்பதே ஓர் ஆறுதல் அன்றோ?

இரண்டாவது, நோயாளிக்காகப் பிறர் பாடியது. காவிரியின் வடகரையிலுள்ள திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவனின் மகள் முயலகன் என்னும் நோயால் உணர்வற்றுக் கிடந்தாள். தந்தை அவளைக் கோயிலில் கிடத்தியிருந்தார். அங்கு வந்த திருஞானசம்பந்தர் தக்கராகப் பண்ணில் ஒரு பதிகம் பாடினார். இப்பெண்ணை இங்ஙனம் வாடச் செய்வது உமக்கு மாண்பாகுமோ என்று இறைவனையே கேட்கும் பாடல்கள் அவை. பேச இயலாத பெண்ணுக்காக ஒருவர் வழக்காடுகின்றார்.

மூன்றாவது, எல்லாரும் கூடிப் பாடுதற்கு உரியது. கொங்கு நாட்டில் திருச்செங்கோடாகிய கொடிமாடச் செங்குன்றூரில் சம்பந்தர் தங்கியிருந்தபோது அவருடன் வந்தோரைக் குளிர்காய்ச்சல் பற்றியது. அப்போது பாடிய திருநீலகண்டப் பதிகம், எம்மை வினை தீண்டாது என்று பன்மையிலேயே பேசுகின்றது. ஊர் விட்டு ஊர் வந்த கூட்டம் ஒன்று, பழகாத நாட்டின் பனியில் நடுங்கியபோது பெற்ற பாட்டு இது. நம்மைப் போல் வாழ்வு தேடி வெளியூர் வந்தோர் இதனைப் பொருளுணர்ந்து படித்தல் நன்று.

இந்நோய்கள் தீர்ந்தது இறையருளால் என்பது அடியார் நம்பிக்கை. அதனை அளந்து பார்ப்பது வரலாற்று நூலின் வேலையன்று. நோயுற்றபோது தமிழர் பாடினர் என்பதும், நோயாளியும் துணைவரும் கூட்டத்தாரும் ஆகிய மூவர்க்கும் அப்பாட்டில் பங்கு இருந்தது என்பதும் வரலாறு காட்டும் செய்தி.

தொட்டிலும் அம்மை வீடும்

காப்பு என்னும் சொல் பின்னர்க் குழந்தையின் தொட்டிலை அடைந்தது. பெரியாழ்வார், அந்திப் பொழுதாயிற்று, காப்பிட வாராய் என்று கண்ணனை அழைக்கும் தாயாகப் பாடினார். அவரே திருத்தாலாட்டும் பாடினார். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் முதலாவது காப்புப் பருவம். தாலாட்டுக்கு உரிய தாலப் பருவமும் அவற்றுள் ஒன்று. தால் என்பதற்கு நா என்று பொருள். நாவை ஆட்டி எழுப்பும் ஒலியே தாலாட்டு. பொருளுள்ள சொல் தொடங்கும் முன்பே தாயின் நாவொலி குழந்தையின் அழுகையைத் தணிக்கின்றது. பின்னாளில் கவசம் என்னும் பாட்டு வகை வளர்ந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை உறுப்புகளைப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றையும் காக்க வேண்டுவது அது. தேவராய சுவாமிகளின் கந்தர் சட்டி கவசம் ஒலிக்காத தமிழர் குடியிருப்பு இந்தியாவின் எந்நகரிலும் இராது.

சங்ககால வீட்டின் வேப்பிலையும் பாட்டும் மாறாமல் நின்ற இடம் ஒன்று உண்டு. அதுவே அம்மை கண்ட வீடு. வாயிலில் வேப்பிலை செருகுவர். படுக்கையிலும் வேப்பிலை பரப்புவர். அருகிலிருந்து மாரியம்மன் தாலாட்டுப் பாடுவர். நோயைச் சினங்கொண்ட தாயாகவும், பாட்டை அவளைத் துயிற்றும் தாலாட்டாகவும் கருதினர் எளிய மக்கள். கொப்புளம் நிறைந்த உடலோடு துன்புற்ற குழந்தையை வீட்டார் வெறுத்து ஒதுக்காமல் அருகிருந்து பேணுதற்கு அப்பாட்டு ஒரு காரணமாயிற்று.

ஆனால், இங்கு ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. பெரியம்மையை ஒழித்தது பாட்டன்று. அம்மைப்பால் குத்தும் இயக்கமே. தெருத்தெருவாகவும் சிற்றூர் சிற்றூராகவும் சென்று ஊசி குத்தியவர்களின் உழைப்பால் 1975ஆம் ஆண்டோடு இந்தியாவில் அந்நோய் மறைந்தது. 1977ஆம் ஆண்டில் நம் நாடு அந்நோய் நீங்கிய நாடென்று சான்று பெற்றது. 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகமே அதனினின்று விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. பாட்டை நம்பி ஊசியை மறுத்த வீடுகளில் பாட்டு காப்பாகவில்லை. ஊசியும் இன்றிப் பாட்டும் இன்றிக் கிடந்த குழந்தையின் நிலையோ அதனினும் கொடியது. நான்கு கூற்றில் ஒன்று மற்றொன்றின் இடத்தைக் கவர முடியாது என்னும் வள்ளுவர் கருத்துக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இசைவாணரும் மருத்துவரும்

முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டில் மறைந்தவர். அவருடைய நவக்கிரகக் கிருதிகளைப் பற்றி இசையுலகில் வழிவழியாக வழங்கும் வரலாறு ஒன்று உண்டு. திருவாரூரில் அவருடைய மாணவராகிய மத்தளம் தம்பியப்பன் வயிற்றுவலியால் வருந்தினார். வியாழனின் மாறுபாடே அதற்குக் காரணம் என்று கருதிய தீட்சிதர், அடாணா இராகத்தில் பிருகஸ்பதியின்மீது ஒரு கிருதி இயற்றி மாணவருக்குக் கற்பித்தார். நாள்தோறும் பாடிவந்த மாணவரின் வலி நீங்கியது என்பர். இவ்வரலாற்றில் நாம் காண வேண்டியது ஒன்று உண்டு. ஆசிரியர் பாட மாணவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை; நோயாளியே தாளமும் மூச்சும் ஒத்துப் பாடுமாறு செய்தார் தீட்சிதர். மாணவரின் வலியைத் தம் கவலையாக எண்ணி ஆசிரியர் ஒரு புதிய பாட்டையே ஆக்கித் தந்தார் என்பதும் சிறிய செய்தியன்று.

மருத்துவத்தையும் இசையையும் ஒருங்கே கற்றவர் ஆபிரகாம் பண்டிதர். தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859ஆம் ஆண்டில் பிறந்தவர். தஞ்சையில் சித்த மருத்துவராகப் பெரும்புகழ் பெற்றவர். மருத்துவத்தால் ஈட்டிய பொருளை இசைக்காகச் செலவிட்டார். 1912ஆம் ஆண்டில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி இசை மாநாடுகளைக் கூட்டினார். 1916ஆம் ஆண்டில் பரோடாவில் நடைபெற்ற அனைத்திந்திய இசை மாநாட்டுக்குத் தம் மக்களோடு சென்று, தமிழிசையின் சுருதிக் கணக்கை வடபுலத்து அறிஞர்முன் விளக்கினார். 1917ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூல் வெளிவந்தது. இரு கலையிலும் வல்லவராகிய இவர், இன்ன இராகத்தால் இன்ன நோய் தீரும் என்று கூறிப் புகழ் தேடியவர் அல்லர். நோய்க்கு மருந்து தந்தார். இசைக்கு ஆராய்ச்சி தந்தார்.

இக்கால ஆய்வு கூறுவது

இன்றைய அறிவியல் இத்துறையில் கண்டவற்றுள் உறுதியான சிலவற்றை மட்டும் கூறுதல் போதும். 2001ஆம் ஆண்டில் இத்தாலியின் பாவியா நகர ஆய்வாளர் 23 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். இலத்தீன் மொழியிலுள்ள செபமாலை வேண்டுதலையும் 'ஓம்' எனத் தொடங்கும் பௌத்த மந்திரம் ஒன்றையும் அவர்களை ஓதச் செய்தனர். இரண்டிலும் மூச்சின் வேகம் ஒரு நிமிடத்துக்கு ஆறு அளவில் வந்து நின்றது. குருதி அழுத்தத்தைச் சீர்செய்யும் உடலின் இயல்பும் வலுப்பெற்றது. நீண்ட அடியைப் பாடும்போது மூச்சை மெல்ல மெல்ல விடுகின்றோம்; அதனால் நெஞ்சத் துடிப்பும் தணிகின்றது. சமயமும் மொழியும் வேறாயினும் மூச்சின் இயல்பு ஒன்றே.

பேச்சிழந்தவர் பாட வல்லவராயிருக்கும் வியப்பும் பழமையானது. நோயால் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சும் அற்ற ஒருவர், முன்பு கற்ற வழிபாட்டுப் பாடல்களைச் சொல் பிழையாது பாடியதை 1745ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஓலோப் டாலின் பதிவு செய்தார். மூளையின் இடப்பாகம் பழுதுற்றுப் பேச்சு அற்றவர்க்கு, சொற்றொடரை இசையோடு கூட்டி, இடக்கையால் தாளம் தட்டச் செய்து பேச்சை மீட்கும் பயிற்சியை 1973ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் மருத்துவர் வெளியிட்டனர். எல்லார்க்கும் அது பயன்படுவதில்லை; பயன்பட்டவர்க்கோ அது பெரும்பேறு. பக்கவாதத்தால் நாவடங்கிய பெரியவர் ஒருவர் பழகிய பாட்டைத் தொடங்கியதும் உடன் பாடினால், அது வியத்தற்கு உரியது. ஆயினும் விளங்காத புதிர் அன்று.

தாலாட்டுக்கும் சான்று வந்துள்ளது. நிறைமாதம் ஆகுமுன் பிறந்த 272 குழந்தைகளிடையே 11 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வொன்று 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெற்றோர் தாமே விரும்பித் தெரிந்து தந்த பாட்டைத் தாலாட்டாக்கி, குழந்தையின் அருகில் நேராகப் பாடினர். குழந்தைகளின் நெஞ்சத் துடிப்புத் தணிந்தது. பெற்றோரின் கலக்கமும் குறைந்தது. அவ்வாய்வாளர் இப்பாட்டுக்கு இட்ட பெயர் சுற்றத்தார் பாட்டு என்னும் பொருளது. தொல்காப்பியரின் ஏமச் சுற்றம் நம் நினைவுக்கு வருகின்றது அன்றோ?

ஏமச் சுற்றம் ஆவோம்

மேற்கூறியவற்றால் ஒன்று தெளிவு. நோய்க்குப் பாட்டை மாற்றாக வைத்தவர் அல்லர் நம் முன்னோர். நோயாளிக்குத் துணையாக வைத்தனர். ஆதலின் மருந்துச் சீட்டில் உள்ளதைத் தவறாது கொடுத்தல் வேண்டும். மருத்துவர் சொன்னதைச் சொன்னவண்ணம் செய்தல் வேண்டும். அதன்பின், உழைச்செல்வானின் கடமை ஒன்று எஞ்சி நிற்கின்றது. அதனை மருத்துவமனை நமக்காகச் செய்ய முடியாது; கடையில் விலைக்கு வாங்கவும் முடியாது.

நம் காலனியில் அக்கடமை நமக்கு இரட்டிப்பாகின்றது. ஊரில் ஒருவர் நோயுற்றால் அத்தையும் சித்தியும் அண்டை வீட்டுப் பாட்டியும் தாமே வந்து சூழ்வர். இங்கோ கணவன் அலுவலகம் செல்ல, மனைவியும் பணிக்குச் செல்ல, பிள்ளைகள் பள்ளிக்குச் செல்ல, மூன்றாம் மாடியில் முதியவர் தனித்துக் கிடக்கும் நாள்கள் உண்டு. பக்கத்தில் பேசும் மொழியும் அவருக்கு விளங்குவதில்லை. காக்கும் சுற்றம் இல்லாத புண்ணோனைப் பற்றித் தொல்காப்பியர் வகுத்த துறையை, இத்தகைய நகரங்களில் வாழும் நாம் வெறும் இலக்கணமாகப் படிக்க இயலாது. பிறந்த சுற்றம் தொலைவில் இருக்கும்போது, அண்டையில் வாழும் தமிழ்க் குடும்பங்களே ஒன்றற்கொன்று ஏமச் சுற்றம்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. காப்பாகும் பாட்டு, நோயாளி முன்பே அறிந்து அன்பு கொண்ட பாட்டாக இருத்தல் வேண்டும். இன்று தொட்டிலில் தமிழ்த் தாலாட்டைக் கேளாத குழந்தை, நாளை முதுமையில் எப்பாட்டைக் கேட்டுத் தேறும்? நம் இல்லங்களில் உள்ள பாட்டிமார் பாடும் தாலாட்டும், நலங்குப் பாட்டும், பதிகமும், பாசுரமும், கிறித்தவ இல்லங்களின் கீர்த்தனையும், இசுலாமிய இல்லங்களின் தாலாட்டும் ஏட்டில் ஏறாமல் அவர்களோடே மறைந்து வருகின்றன. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயிலும் நம் சிறுவர்க்கு அவற்றுள் நான்கைந்தேனும் வாய்ப்பாடமாக வேண்டும். மேடைக் கச்சேரிக்கு உரிய குரல் வேண்டுவதில்லை. கொடிச்சியர் இசைப்பயிற்சி பெற்றுப் பாடினர் என்று மலைபடுகடாம் கூறவில்லை.

சங்கத்து அன்பர்கள் இவ்வாண்டில் இரண்டு செயல்களை மேற்கொண்டால் இவ்வரலாற்றைப் படித்த பயன் கிட்டும். ஒன்று, ஒவ்வோர் இல்லத்திலும் உள்ள முதியோர் பாடும் பாட்டுகளை இளைஞர் கேட்டு எழுதி வைப்பது. மற்றொன்று, காலனியில் எவரேனும் நோயுற்றால், பழம் வாங்கிச் சென்று ஐந்து நிமிடம் நலம் கேட்டுத் திரும்புவதோடு நில்லாமல், அவர் விரும்பினால் அருகமர்ந்து அவர் அறிந்த பாட்டு ஒன்றை மெல்லிய குரலில் பாடுவது. அவரும் உடன் பாட முயல்வாராயின் இன்னும் நன்று. நோய் தீர்வது மருந்தாலும் காலத்தாலும் ஆகுக. நோயாளி தனித்திராமை நம்மால் ஆகுக.